சித்திரையில் ஒரு சிவப்பு ஸ்வெட்டர்

கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் பேண்டு செட்டு போன காலத்துப் பிள்ளைகளே, இது உங்களுக்குத்தான். மற்றவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். வேகாத வெயிலில் சிவப்புக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக, மூக்கு நுனியில் வேர்வை சொட்டச் சொட்ட ஊதிக்கொண்டு போவார்களே, அந்தக் கூட்டத்தில் கிளாரினெட் வாசித்தவர் என் அப்பா. எல்லாருக்கும் முன்னால் டிரம்பெட்டோடு நெஞ்சை நிமிர்த்திப் போகிறவர் பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். பேண்டு மாஸ்டர் அவர்தான். பெரியப்பாவுக்கு ஒரே மகள், என்னைவிட ஒரு வயசு மூத்தவள். அந்த அக்கா மேல் எனக்கு இருந்த பொறாமையைத்தான் சொல்ல வந்தேன். இருந்தது என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்கு.

இலுப்பூரில் எங்களுக்கு ஒரே வாசலில் இரண்டு வீடு. நடுவில் ஒரு வேப்பமரம். அக்கா வீட்டுப் பக்கம் நிழல் காலையில் விழும், எங்கள் பக்கம் சாயங்காலம். அதற்கும் எனக்குப் பொறாமை. காலை நிழல்தான் உசத்தி என்று எனக்கு ஒரு எண்ணம். அவளுக்குச் சடை இடுப்புக்குக் கீழே தொங்கும். எனக்கு எலிவால். அவள் ஒல்லி. நான் அரிசி மூட்டை. ஆனால் ஒன்றில் மட்டும் அவள் என்னைத் தாண்ட முடியாது. பாட்டு. நான் எடுத்தால் தெருக்கோடிக்குக் கேட்கும், தாளம் தப்பாது. அக்காவுக்குக் குரல் இனிப்பு, ஆனால் தானாக எடுக்க வராது. நான் எடுப்பதைக் கேட்டு ஒரு நொடி தள்ளித்தான் எடுப்பாள். சேர்ந்து பாடும்போது வெளியாட்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று பாடுகிறவளுக்குத் தெரியாதா?

பெரியப்பாவின் கூட்டம் சும்மா ஊர்க்கூட்டம் இல்லை. நான் பிறப்பதற்கு முன்னால் அவர்கள் ஒரு ஜமீனின் சொந்த பேண்டு. பங்குனி பிறந்தால் ஜமீன்தார் கோடைக்கானல் மலைக்குப் போவாராம். பின்னாலேயே பேண்டும் போகும். சாயங்காலம் புல்தரையில் நின்று பனிக்குள் ஊதுவார்களாம். பெரியப்பாவின் வாலிபக் கோடைகள் எல்லாம் அங்கேதான் கழிந்தன. பிறகு ஜமீன் போயிற்று. வாத்தியமும் கோட்டும் மட்டும் மிஞ்சின. எல்லாரும் கீழே இறங்கி வந்து கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஊத ஆரம்பித்தார்கள். ஆனால் பெரியப்பாவின் மனசு மலையை விட்டு இறங்கவே இல்லை. அக்கினி நட்சத்திரத்தில் விசிறியும் கையுமாகக் கிடப்பார். யாராவது "என்னண்ணே, கோடை இந்த வருசம் கடுசா இருக்கு" என்று சொல்லிவிட்டால் போதும், எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

"இதெல்லாம் கோடையாடா? இது வெறும் வெயிலு. கோடைன்னா மலையில பாக்கணும். பொகை மாதிரிப் பனி வரும். வாயத் தொறந்தா ஆவி வரும். பேரிக்கா பழுத்துத் தொங்கும்."

அப்படிப்பட்டவருக்கு ஒரு கல்யாண வீட்டில் அதிர்ஷ்டம் அடித்தது. பெண் வீட்டாருக்குச் சொந்தமான ஒருவர் மெட்ராஸில் கிராமபோன் பிளேட்டுப் போடுகிற கம்பெனியில் ஆள் தெரிந்தவர். வாசிப்பைக் கேட்டுச் சொக்கிப்போய் ஏற்பாடு செய்துவிட்டார். மூன்று பிளேட்டு, ஆறு பக்கம், ஆறு பாட்டு. மூன்றையும் அட்டைப் பெட்டிக்குள் புத்தகம் போல அடுக்கி ஆல்பம் என்று விற்பார்களாம். எங்கள் ஊரில் அந்த வார்த்தையை யாரும் கேட்டதே இல்லை. 'ஆல்பம், ஆல்பம்' என்று நாங்கள் வாயில் போட்டு மென்றுகொண்டே திரிந்தோம்.

என்ன பாட்டுப் போடுவது? டிரம்மடிக்கிற மாமா நல்ல மாதிரியாகச் சொல்லிப் பார்த்தார்.

"கல்யாணப் பாட்டாப் போடுவம்ண்ணே. ஊருக்கு ஊரு மைக் செட்டுக்காரன் வாங்குவான்."

"கல்யாணப் பாட்டு ஊருல உள்ளவன் பூராம் போட்டுட்டான். நாம கோடையப் போடுவோம். கோடைக்குன்னு யாரு போட்டிருக்கா?"

யாரும் போடாததற்கு ஒரு காரணம் இருக்கும் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அப்பா கிளாரினெட்டின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அண்ணன் வாய் திறந்தால் அப்பாவுக்குக் கிளாரினெட்டில் மட்டும்தான் சத்தம் வரும் என்று அம்மா சொல்வாள்.

'வேனில் விருந்து' என்று பெயர் வைத்தார்கள். பாட்டெல்லாம் பெரியப்பாவே கட்டினார். மூடிக் கிடந்த ஒரு அரிசி மில்லின் குடோனில்தான் ஒத்திகை. தகரக் கூரை அனலைக் கக்கும். தவிட்டு வாசனையும் பித்தளைக்குப் போடுகிற பாலிஷ் வாசனையும் கலந்து மூக்கை அடைக்கும். உள்ளே எட்டுப் பேர் வேர்த்து விறுவிறுத்து இப்படிப் பாடுவார்கள்:

"சித்திரை மாசம் சிலுசிலு காத்து, சீக்கிரம் கொண்டா கம்பளிப் போத்து!"

நடுவில் வாத்தியமெல்லாம் நின்றுவிடும். ஒரு சின்னப் பெண்ணின் குரல் மட்டும் தனியாக, "அப்பா அப்பா குளிருது அப்பா, அடுப்பை மூட்டித் தாருங்கப்பா" என்று வர வேண்டும். அதற்குத்தான் நானும் அக்காவும். பெரியப்பா கையைக் காட்டுவார். நான் எடுப்பேன், அக்கா சேர்ந்துகொள்வாள். யார் மெட்ராஸ் போவது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன். எடுக்கத் தெரிந்தவள்தானே போக முடியும்? அம்மா எனக்குப் பச்சையில் பாவாடை தைத்தே வைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று.

கிளம்புகிறதுக்கு முன்னால் பெரியப்பா தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அந்துருண்டை வாசனை குப்பென்று வந்தது. அடியிலிருந்து ஒரு சிவப்பு ஸ்வெட்டரை எடுத்தார். மலையில் ஜமீன் வீட்டுப் பிள்ளை யாரோ போட்டுக் கழித்தது. நெஞ்சில் வெள்ளையில் ஒரு மான். கம்பளி என்றால் நாங்கள் அதுவரைக்கும் கருப்பாய்க் குத்துகிற கம்பளியைத்தான் பார்த்திருக்கிறோம். இது பூனைக்குட்டி மாதிரி இருந்தது.

"பாடுற பிள்ளைய இதப் போட்டு போட்டோ எடுத்து ஆல்பத்து அட்டையில போடப் போறாங்க. இது யாருக்குச் சேருதோ அவ வாரா."

பாருங்கள் நியாயத்தை! தொண்டைக்கு ஆள் எடுக்கிறவர் சட்டை அளவு பார்த்தார். முதலில் எனக்குத்தான் மாட்டினார்கள். தலையோடு நின்றுவிட்டது. பெரியம்மா மேலேயிருந்து இழுத்தாள், அம்மா கீழேயிருந்து இழுத்தாள். உள்ளே எனக்கு மூச்சு முட்டுகிறது, கம்பளி மூக்கில் உரசித் தும்மல் வருகிறது, வெளியே யாரோ சிரிக்கிறார்கள். உருவி எடுத்து அக்காவுக்கு மாட்டினார்கள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. அந்த மான் என்னைத்தான் பார்த்தது.

"ஏங்க, ஒங்க அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க. எடுக்குறது நம்ம பிள்ளைதானே?" என்று அம்மா உள்ளே வைத்துப் பல்லைக் கடித்தாள்.

"மாஸ்டர் சொன்னாச் சொன்னதுதான். விடு" என்றார் அப்பா.

வயிற்றெரிச்சல் என்று சும்மா பேச்சுக்குச் சொல்வார்கள். எனக்கு நிஜமாகவே எரிந்தது. அம்மா மோர் கொடுத்தாள். மோருக்கெல்லாம் அடங்குகிற எரிச்சலா அது? மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஊரே திரண்டு மாலை போட்டு அனுப்பியது. மோட்டார் ஜன்னலோரத்தில் அக்கா. ஸ்வெட்டர் மடியில். பஸ் நகர்கிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமையடிக்கிறாள் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் ஊர் அவளைச் சுற்றிக்கொண்டது. "மெட்ராசு எப்படி இருக்கு? கொழா மாதிரி ஒண்ணுக்குள்ள பாடணுமாமே?" அவள் எதற்கும் பதில் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். "பாரேன், எவ்வளவு அடக்கம்!" என்றார்கள். எனக்கு அது தலைக்கனமாகத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கடவுள் வாழ்த்துப் பாட அவளைக் கூப்பிட்டார். மாட்டேன் என்றாள். "சரி, பிளேட்டுல பாடுற தொண்டை, காப்பாத்திக்கிறட்டும். நீ பாடு" என்று என்னை நிறுத்தினார். அந்த வருசம் முழுக்க நான்தான் தொண்டை கிழியப் பாடினேன். ஒரு நாய்கூட நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை. பாடாத அவளுக்குத்தான் பேர்.

அடுத்த சித்திரை முடிகிற நேரத்தில் பெட்டிகள் வந்து இறங்கின. நான் முதலில் அட்டையைத்தான் பார்த்தேன். ஒரு மலை, ஒரு மேகம், அவ்வளவுதான். அக்காவைக் காணோம், மானையும் காணோம். போட்டோ சரியாக விழவில்லை என்றார் பெரியப்பா. எனக்குப் பரம திருப்தி.

சந்தைக்கிழமையன்று மைக் செட்டு வைத்திருந்த பாய் தன் கடை வாசலில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிப் பிளேட்டைப் போட்டுக் காட்டினார். பாய் நல்ல மனுஷர். பெரியப்பாவை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பிளேட்டு சுழன்றது. முதலில் கரகரவென்று எண்ணெய்ச் சட்டிச் சத்தம், அப்புறம் டிரம்பெட். கூட்டம் வாயைப் பிளந்தது. எங்கள் ஆட்களின் வாசிப்பு அவ்வளவு அருமையாக விழுந்திருந்தது, பொய் சொல்லக்கூடாது. அப்புறம்தான் பாட்டு வந்தது.

"சிலுசிலு காத்தா? எங்கிட்டுய்யா அடிக்குது?" என்றான் ஒருத்தன், தலைத்துண்டால் விசிறிக்கொண்டே.

"கம்மாயில நண்டு செத்துக் கெடக்கு, இவுகளுக்குக் கம்பளிப் போத்து கேக்குதாம்!"

சிரிப்பு அடங்கவில்லை. வாத்தியங்கள் நின்றன. அந்தக் குரல் வந்தது. அப்பா அப்பா குளிருது அப்பா.

நான் எழுந்தே நின்றுவிட்டேன். குரல் எடுத்த எடுப்பிலேயே டக்கென்று தாளத்தில் விழுந்தது. ஒரு நொடி தள்ளவில்லை. அரை நொடிகூட இல்லை. அக்கா என்றைக்குக் காத்திருக்காமல் எடுத்திருக்கிறாள்?

"இது அக்கா இல்ல!" என்று கத்தினேன். "இது அக்கா கொரலே இல்ல!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா வந்தார். அதுவரைக்கும் என் மேல் கை வைத்தறியாத மனுஷர். கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். கிளாரினெட் பிடித்து மரத்துப்போன விரல்கள், அத்தனையும் பதிந்தன.

"பொறாம பிடிச்ச கழுத! இந்த வயசுலயே இவ்வளவு வயித்தெரிச்சலா?"

அக்கா ஓவென்று அழுதாள். என்னை அடித்ததற்கா, ஊர் சிரித்ததற்கா என்று எனக்கு விளங்கவில்லை. எல்லாரும் அவளைத்தான் சமாதானப்படுத்தினார்கள். என் கன்னம் எரிந்ததை யார் கேட்டார்கள்? அம்மாகூட, "விடுடி, பொறாமப்பட்டா ஆகுமா? குடுத்து வச்சவ பாடிட்டா" என்றாள். நானும் நம்பிவிட்டேன். பொறாமையில்தான் காது அப்படிக் கேட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் பொறாமைக்காரி என்றால் நான்தான்.

பெரியப்பா பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பொன்னமராவதி போனார், கீரமங்கலம் போனார். போன வேகத்தில் திரும்பினார். கடைசியில் பாயிடமே வந்து உட்கார்ந்தார். வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவர் கேட்கவில்லை. பாய் தானாகவே பேசினார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. வாசிப்புக்குக் கோடி குடுக்கலாம். ஆனா இத எந்த விசேசத்துல நான் போடுவேன்? மாரியம்மன் திருழாவுல போட முடியுமா? ஆத்தா மழையக் குடுன்னு ஊரே கஞ்சி ஊத்திக்கிட்டு நிக்கிது. அங்கிட்டுப் போயி கோடையே வா வான்னு குழாயில பாடுனா, என் குழாயப் பிடுங்கிக் கெணத்துல போட்டுருவாங்கண்ணே."

பெரியப்பா கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். புழுதி பறந்தது. ஒரு மாடு நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு போனது. "ஆமா பாய். இங்க அது வெயிலுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். பெருமையாக நடக்கிற மனுஷர் அன்றைக்குத் தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்ததை நான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷம்தான். நன்றாக வேண்டும் என்று மனசு குதித்தது.

மீதிப் பெட்டிகளை ஓட்டு வீட்டுப் பரணில் அடுக்கினார்கள். கத்திரி வெயில் ஓடு வழியாக இறங்கியது. கோடையைப் பாடிய பிளேட்டுகள் எங்கள் கோடையைத் தாங்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது அத்தனையும் அப்பளம் மாதிரி வளைந்திருந்தன. பெரியம்மா ஒன்றைச் சுடுதண்ணீரில் முக்கிக் கிண்ணமாக வளைத்துக் கோழிக்குத் தண்ணீர் வைத்தாள். எங்கள் வீட்டில் ஒன்று ஊறுகாய் ஜாடிக்கு மூடியாயிற்று. அந்த ஸ்வெட்டர்? எனக்குச் சேராது என்று தெரிந்தும் அதைக் கேட்க நாக்கு துடித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் போய்ப் பார்த்தால், அடைக்கு வைத்த கூடையில் விரித்து அதன் மேல் கோழி உட்கார்ந்திருந்தது. மானின் கொம்பு மட்டும் வெளியே தெரிந்தது.

பேண்டு பழையபடி கல்யாணங்களுக்குப் போயிற்று. பிளேட்டு விற்காவிட்டால் என்ன, அக்காவின் பேர் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. 'பிளேட்டுல பாடின பொண்ணு' என்றுதான் மாப்பிள்ளை வீட்டார் தேடி வந்தார்கள். எனக்குக் கல்யாணமாகி முதல் நாள் வீட்டுக்காரர் என்னிடம் பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா? "ஒங்க அக்காதானே பிளேட்டுல பாடினது?" அந்த மனுஷனை நான் மன்னிக்கவே இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டார், இன்னமும் மன்னிக்கவில்லை.

போன சித்திரையில் கீரமங்கலத்தில் அக்காவின் பேத்திக்குக் கல்யாணம். இப்போதெல்லாம் கட்டுகிற மாதிரி மண்டபம், முழுக்க ஏ.சி. வெளியே தார் உருகுகிறது, உள்ளே நடுக்குகிறது. கிழவிகள் என்று எங்கள் இரண்டு பேரையும் முன்வரிசையில் குளிர் நேராக விழுகிற இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அக்கா முந்தானையைக் காதோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"அப்பா அப்பா குளிருது அப்பா" என்றாள் மெதுவாக.

அந்த வரி அவள் வாயிலிருந்து வந்து நான் அத்தனை வருஷமாகக் கேட்டதில்லை. கன்னம் சுரீர் என்றது.

"ஒனக்கென்னடி, பிளேட்டுல பாடினவ" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அது நான் இல்லடி" என்றாள்.

மேடையில் யாரோ மைக்கைத் தட்டி ஒன்று இரண்டு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"கதவப் பூராம் அடச்சுட்டாங்க. சத்தம் விழுகும்னு காத்தாடிய நிப்பாட்டிட்டாங்க. போட்டோக்காரன் வாரான்னு ஸ்வெட்டர வேற மாட்டி விட்டுட்டாங்க. அப்பா கையக் காட்டுறாரு. எனக்கு எடுக்க வரல. நீ எடுப்ப எடுப்பன்னு காத்துக்கிட்டே நிக்கிறேன். நீ எங்க இருக்க, இலுப்பூருல இருக்க. திரும்பத் திரும்ப நின்னு பாத்தேன். கண்ண இருட்டி விழுந்துட்டேன். அப்புறம் அந்தக் கம்பெனியிலயே பாடுறவ ஒருத்தி. பெரிய பொம்பளதான், சின்னப் பிள்ள மாதிரிப் பாடுவாளாம். காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தவ டம்ளர வச்சுட்டு வந்து பாடிட்டுப் போயிட்டா. ஊரு மாலை போட்டு அனுப்பிருக்கே, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்புறதுன்னு அப்பா எல்லாரையும் டிரம்மு மேல கைய வச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லிட்டாரு. எங்காத்தாவுக்குக்கூடக் கடேசி வரைக்கும் தெரியாது."

"எங்கப்பா?"

"சித்தப்பாவுந்தான் கைய வச்சாரு."

என் கை கன்னத்துக்குப் போயிற்று. "அப்ப எதுக்குடி என்னய அடிச்சாரு?"

"நீ சரியாச் சொல்லிட்டயே, அதுக்குத்தான்."

அப்பா உயிரோடு இருந்தால் அந்த நிமிஷமே எழுந்து போய்க் கேட்டிருப்பேன். நாலு நல்ல வார்த்தை திட்டியும் இருப்பேன். எத்தனை பேர் என்னைப் பொறாமைக்காரி என்றார்கள், எல்லாருக்கும் அவர் தலையாட்டினார். அழுகையாக வந்தது. ஏ.சி.யில் அழுதால் கண்ணீர்கூடச் சில்லென்று இருக்கிறது.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்குச் சந்தையில அத்தன பேரு கேட்டாங்க. ஒருத்தருக்கும் தெரியல. ஒனக்கு மட்டும் எப்படிடி தெரிஞ்சுச்சு?"

"தெரியாமப் போகுமா? ஒம் மேல இருந்து நான் எப்ப காத எடுத்தேன்?" என்றேன்.

அவளுக்கும் கண் கலங்கியது. கேட்கக்கூடாது என்று நினைத்தும் கேட்டேன்.

"அந்த மெட்ராஸ்காரி நல்லாப் பாடினாளா?"

"நல்லாத்தான் பாடினா. ஒன்னய விடவே நல்லா."

குபீரென்று எரிந்தது பாருங்கள், பழைய இடத்திலேயே. மோர் தேடுகிற எரிச்சல். "பாக்க எப்படி இருப்பா?"

"ஒல்லியா இருப்பா. அந்த ஸ்வெட்டர் அவளுக்கும் சேந்துருக்கும்."

"நாசமாப் போறவ" என்றேன்.

"ஆமாடி, நாசமாப் போறவ! ஒரு தடவதான் கேட்டா, அப்பிடியே பாடிப்பிட்டா" என்று அக்கா பல்லைக் கடித்தாள். அக்காவுக்கும் எரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிறந்ததிலிருந்து நானும் அவளும் சேர்ந்து ஒருத்தி மேல் பொறாமைப்பட்டதும் அன்றைக்குத்தான்.

மேடையில் இன்னும் பாட்டு ஆரம்பிக்கவில்லை. ஒரு ஒல்லிப் பெண் மைக்கைக் கையில் எடுத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் எடுத்துவிட்டேன், அப்பா அப்பா குளிருது அப்பா என்று, தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி. மண்டபமே திரும்பிப் பார்த்தது. அக்கா ஒரு நொடி தள்ளி வந்து சேர்ந்துகொண்டாள்.